ஓய்வெடுக்கும் பேனாவுக்கு ஒரு மை

கூடுவாஞ்சேரியில் மைப் பேனா பிரியர்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் அதிகம். படூரிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். போன மாதம் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். டீ வந்ததும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, வருசக்கணக்கா வெளுக்காத மை எது? பேரை மட்டும் சொல்லுங்க, ஆர்டர் போட்டுடறோம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "எழுதித் தரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேரை மட்டும் எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி ஒருவர் வருடக்கணக்கில் எழுதப்போகிறார் என்றால் அது போதாது என்பதை நான் ஓர் அம்மாவிடம் தெரிந்துகொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பேனாக் கடையில் வேலை செய்தேன். பத்தாவது முடித்ததும் சேர்ந்தது. கால் நரம்பு சுருண்டுவிட்டது, இனிமேல் நின்று வேலை பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லும்வரை அங்கேதான் இருந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பேனா கழுவினேன், நிப்பு மாற்றினேன், உடைந்த மூடிக்கு மூடி தேடினேன். விரல் நுனி எப்போதும் நீலமாகவே இருக்கும். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

முதலாளி காதர் பாய். பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். ஆனால் யாரையும் அவசரப்படுத்த மாட்டார். வருகிறவர் என்ன மை கேட்டாலும் உடனே எடுத்துத் தரமாட்டார். ஒரு துண்டுத் தாளை நகர்த்தி, "உங்க பேரை எழுதுங்க" என்பார். எழுதும்போது கையைப் பார்ப்பார், தாளைப் பார்க்க மாட்டார். பிறகு கேட்பார்: "எதுல எழுதுவீங்க? எழுதினத எங்க வெப்பீங்க? நடுவுல பேனா எத்தினி நாளு சும்மா கெடக்கும்?" இது தெரியாமல் அவர் ஒரு பாட்டிலும் விற்றதில்லை. சிலர் எரிச்சல்பட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். "போவட்டும். வெளுத்தா அங்க போய் சண்ட போடுவான்" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

மையைச் சோதிக்க அவர் வைத்திருந்த வழி எளிமையானது. கடைக்கு எந்தப் புது மை வந்தாலும் கெட்டித் தாளைப் பட்டையாக வெட்டி, அதில் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்வார். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்குப் பக்க ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிட வேண்டும். சாயங்கால வெயில் நேராக அதில் விழும். இன்னொரு பட்டையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மாதங்கள் போனபின் அட்டையைத் தூக்கிப் பார்ப்போம். மூடியிருந்த பாதியும் திறந்திருந்த பாதியும் ஒரே மாதிரி இருந்தால் அந்த மையை மேல் தட்டில் வைப்பார். நீலம், ஊதா, மயில் கழுத்து நிறம், ரோஜா நிறம் எல்லாம் வெயிலில் ஓடிவிடும். பாட்டிலின் மேல் 'பெர்மனென்ட்' என்று அச்சடித்திருந்தாலும் அவர் நம்ப மாட்டார். அது துணியில் பட்டால் போகாது என்பதற்குப் போட்டதாக இருக்கலாம், வெயிலுக்குத் தாங்கும் என்பதற்கு அதுவே சாட்சி ஆகாது என்பார்.

நாங்கள் பார்த்தவரை வெளுக்காமல் நின்றவை இரண்டு வகைதான். ஒன்று, கரித்தூள் கலந்த கறுப்பு மை. அது தாளின் மேல் படிந்து உட்கார்ந்துகொள்ளும். வெயிலுக்கும் தண்ணீருக்கும் அசையாது. ஆனால் பேனாவுக்குள் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று பழைய நீலக்கறுப்பு மை. கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டால் கறுக்குமே, அந்த இனம். எழுதும்போது வெளிர் நீலமாக இருக்கும். காற்றுப்பட்டுக் கறுக்கும். அதில் புளிப்பு இருப்பதால், பேனாவை அவ்வப்போது கழுவாவிட்டால் நிப்பை அரிக்கும்.

திருப்போரூரிலிருந்து ஜாதகம் எழுதும் ஒருவர் வருவார். கட்டம் கறுப்பில், சில கிரகங்கள் மட்டும் சிவப்பில் எழுதுவது அவர் வழக்கம். சிவப்பு கேட்டார்.

"செவப்பு நிக்காது சாமி. கொழந்த பெருசாவறதுக்குள்ள வெளுத்துடும்" என்றார் பாய்.

"செவ்வாயைத்தான் பாய் செவப்புல எழுதறேன். வெளுத்தா தோஷம் தானா போச்சுன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

"அப்ப இதையே வாங்கிக்கினு போங்க. பரிகாரத்துக்குத் தனியா துட்டு கேக்காதீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் அவர் கறுப்பையே வாங்கிக்கொண்டு போனார். சிவப்பில் எழுத வேண்டிய இடத்தில் கறுப்பில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டுக்கொள்வதாகப் பிறகு சொன்னார்.

இப்போது அந்த அம்மாவைப் பற்றி.

பெயர் ஜமீலா. கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். பெண்கள் வந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வாய் கட்டிப்போகும். சொல்லுங்கம்மா என்றேன்.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அரபி எழுத்து நிறைந்த ஒரு தாள். ஆனால் எழுத்து, டீ சிந்திய கறை போல மங்கிக்கிடந்தது. குர்ஆன் முழுவதையும் கையால் எழுதுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். அதில் முப்பது பாகம். ஜுஸ்வு என்று சொல்கிறார்கள். பதினோரு ஜுஸ்வு முடிந்திருக்கிறது. எழுதியதெல்லாம் துபாயில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் வாங்கிவந்த மையில். கண்ணாடிப் பாட்டிலில் வந்த அழகான நீலம்.

"மொத ஜுஸ்வுல புள்ளியெல்லாம் போயிடுச்சுண்ணா. எங்க எழுத்துல புள்ளி போச்சுன்னா வேற எழுத்தாயிடும். ஓதறவங்க தப்பா ஓதிடுவாங்க."

"எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"கடல் ஓரம்ணா எங்க வூடு. பீரோல வெச்சா பூஞ்சக்காளான் பூத்துடும். அதான் தெனம் காலைல மாடில பாயைப் போட்டு, தாளுங்களப் பரப்பி, காய வெச்சு எடுப்பேன்."

ஈரத்திலிருந்து காப்பாற்ற, ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு நாளும் வெயிலில் வைத்திருக்கிறார். நாங்கள் கண்ணாடியில் ஒட்டிவைத்து எந்த மை ஓடுகிறது என்று பார்ப்போமே, அதே வெயில்.

சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. படத்தை அணைத்துவிட்டு, "திருப்பி எழுதணும்னா எழுதலாம். கண்ணுதான்" என்றார். சர்க்கரையால் கண்ணின் உள்ளே ரத்தக் கசிவாம். லேசர் வைத்திருக்கிறார்கள். இருக்கிற பார்வை எவ்வளவு நாள் நிற்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. "இன்னொரு தபா ஏமாறக்கூடாதுண்ணா. இனிமே எழுதறது நிக்கணும். அதுக்கு இன்னா மை?"

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கரி மையை எடுத்து வைத்தேன். தண்ணீர், வெயில் இரண்டுக்கும் அதற்கு மேல் எங்களிடம் இல்லை. தாள்களை வெயிலில் போட வேண்டாம், நிழலில் காற்றாடவிட்டு, தகர டப்பாவில் வேப்பிலையோடு வைக்கலாம் என்றேன். மையில் என்னென்ன கலந்திருக்கும் என்று விசாரித்தார். தெரிந்ததைச் சொன்னேன். பேனாவைக் காயவிடக் கூடாது என்பதையும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். பேனா அடைத்திருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டு, நிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் நாக்கை மெல்லிய தகட்டால் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தார். அதே அடைப்பு. அதற்கடுத்த மாதமும்.

மூன்றாவது முறை நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பெருசா ஒண்ணும் வேணாம்மா. தெனம் ரெண்டு வரி எழுதினாலே போதும். ஒரு நாளும் விடாதீங்க. விட்டா காஞ்சுடும்."

அவர் முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டார். "எல்லா நாளும் எழுத முடியாதுண்ணா" என்றார்.

உடம்பு முடியவில்லையோ என்று நினைத்தேன். கண் வலியோ என்றும் நினைத்தேன். "ஒரு வரிகூடவாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பாய் எழுந்து வந்தார். "சேகரு, போய் மூணு டீ சொல்லிட்டு வா" என்றார். கடைக்கு டீ எப்போதும் அந்த நேரத்தில் தானாக வரும். போ என்கிறார் என்று புரிந்து வெளியே போனேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா போயிருந்தார். பேனா எங்களிடம் இருந்தது.

"மாசத்துல சில நாளு அந்தப் பேனாவுக்கு லீவு" என்றார் பாய். "கைகால் மொகம் கழுவி ஒளு செஞ்சு, சுத்தமா ஒக்காந்துதான் அந்தம்மா எழுதுது. எழுதக்கூடாத நாளுன்னு ஒண்ணு கீதுல்ல? அப்ப தொடாது. உன்கிட்ட இத எப்டிடா வாயத் தொறந்து சொல்லும்?"

என் வீட்டிலும் அந்த நாட்களில் மனைவி சாமி படத்துப் பக்கம் போகமாட்டாள். விளக்கேற்றச் சொல்லி என்னைக் கண்ணால்தான் காட்டுவாள். இத்தனை வருடம் பார்த்திருந்தும், அதையும் பேனா அடைப்பையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

"நின்னுக்கினு இருக்காத" என்றார் பாய். "இப்ப கேள்வி வேற. வெளுக்கக்கூடாது. ஒரு வாரம் சும்மா கெடந்தாலும் மூடியத் தொறந்த ஒடனே எழுதணும். நிறுத்தறதுக்கு முன்னாடி கழுவிடுவோம்னா, அது சொல்லிட்டா வருது?"

அன்று மாலை கடையில் இருந்த ஒரே ரகப் பேனாக்களை எடுத்தோம். ஒன்றில் கரி மை. ஒன்றில் கரி மையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து. ஒன்றில் நீலக்கறுப்பு. இன்னொன்றில் அதே நீலக்கறுப்பு, ஆனால் மூடிக்குள் சின்ன ரப்பர் வளையம் போட்டுக் காற்றை அடைத்து. எல்லாவற்றையும் படுக்கவைத்து ஒரு வாரம் யாரும் தொடவில்லை. எட்டாம் நாள் பாய் 'பிஸ்மில்லா' சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்தார். கரி மை வரவில்லை. தண்ணீர் கலந்தது பாதி எழுத்து எழுதி நின்றது, நிறமும் செத்திருந்தது. நீலக்கறுப்பு ஒரு கோடு தயங்கிவிட்டு வந்தது. வளையம் போட்டது தாளில் பட்டதுமே எழுதியது.

இன்னும் இரண்டு வாரம் அதையே திரும்பச் செய்தோம். அவருக்கு ஒரு தடவை போதாது. நிப்பு அரிக்குமா என்று பார்க்க ஒரு நிப்பை அந்த மையிலேயே மூழ்கடித்து வைத்தார். கடைசியில், ஒவ்வொரு முறை மை தீரும்போதும் பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு நிரப்பினால் போதும் என்ற முடிவுக்கு வந்தோம். அரபி வலமிருந்து இடமாகப் போகும்; அந்த அம்மா எழுதிப் பார்க்கும்போது கையின் ஓரம் ஈர எழுத்தில் பட்டுத் தேய்ந்ததை முன்பே பார்த்திருந்தேன். கைக்கு அடியில் வைத்துக்கொள்ள, மையை உறிஞ்சும் ஒற்றுத்தாளும் வெட்டி வைத்தேன்.

ஜமீலாம்மா வந்ததும் பாய் என்னையே பேசச் சொன்னார். வளையம் போட்ட பேனாவைத் திறந்து காட்டி, "இது ஒரு வாரம் சும்மா இருந்தும் எழுதுதும்மா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுதிப் பார்த்தார். வெளிர் நீலமாக வந்ததும் பயந்துவிட்டார். "இதுவும் நீலமாண்ணா?"

"நாளைக்குப் பாருங்க. கறுத்துடும்."

"கறுத்தது நிக்குமா?"

பாய் எந்த மைக்கும் கேரண்டி சொன்னதில்லை. என்னையும் சொல்லவிட்டதில்லை. கண்ணாடியிலிருந்து பழைய நீலக்கறுப்புப் பட்டையை உரித்து அவர் கையில் கொடுத்தேன். கறுப்பு அட்டையைத் தூக்கி இரண்டு பாதியையும் மாறிமாறிப் பார்த்தார். கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். எவ்வளவு அருகில் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

முதல் பதினோரு பாகத்தை இப்போது திருத்தப் போவதில்லை என்றார். பன்னிரண்டிலிருந்து முப்பதுவரை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறமும் கண் இருந்தால் முன்னால் போகிறேன் என்றார். பாய், "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அதன் பிறகு மை தீரும்போதெல்லாம் வந்தார். முதலில் தனியாக. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு. பிறகு எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அகலமான நிப்பு வேண்டும் என்றார். மாற்றிக் கொடுத்தேன். அதன் பின் வெகுநாள் வரவில்லை.

ஒரு நாள், முழங்கைவரை வெயிலில் கறுத்த ஓர் ஆள் வந்து நின்றார். "இங்க சேகர்ன்றது?"

"நான்தான் சார்."

"நான் ஜமீலாவோட வூட்டுக்காரரு. அன்வர்." கல்லாவின் மேல் அந்தப் பேனாவை வைத்தார். "முப்பது வரைக்கும் முடிச்சுட்டா. கடைசி சூராவ, அதான் கடைசி அத்தியாயத்த, லென்ஸு வெச்சுக்கினுதான் எழுதினா. இப்ப ஒரு கண்ணு சுத்தமா இல்ல. இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுது."

நான் பேனாவை எடுத்துக் கழுவத் தொடங்கினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"அந்த நீல மை நான் வாங்கியாந்தது" என்றார். "கடையில இருந்ததுலயே அழகா இருந்துச்சேன்னு வாங்கினேன். வெலயும் ஜாஸ்தி. பதினோரு ஜுஸ்வு அவ கண்ணு அதுல போச்சு."

பாய் அப்போது உள்ளே இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து அவருக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"மொத பதினொண்ண இனிமே யாரு எழுதறது?" என்றார் பாய்.

"நான்தான். வேலைய விட்டுட்டு வந்துட்டேன். சின்ன வயசுல மதரசால எழுதினது. லாரி ஓட்டின கை, பாய். கோணலா வருது. அவ ஒரு பக்கம் மனசுலருந்து ஓதுவா, நான் குர்ஆனப் பாத்து எழுதுவேன். எழுதினத திருப்பி ஓதிக் காட்டணும். ஒரு எடத்துல நாக்கு பெரண்டாலும் 'நிறுத்துங்க மச்சான், லாரி ரூட்டு மாறிப் போவுது'ன்றா."

சொல்லும்போது சிரித்தார். பிறகு கையால் கண்ணை அழுத்திக்கொண்டார்.

அவர் கைக்கு ஏற்ற மாதிரி கெட்டி ரப்பரில் கடைந்த, தடித்த உடம்புள்ள எபோனைட் பேனா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதே நீலக்கறுப்பு. ஒற்றுத்தாள் வெட்டித் தந்தேன். எழுதிப் பழகப் பழைய தாள்கட்டு ஒன்றையும் பாய் கொடுத்தனுப்பினார்.

அவர் எழுதி முடிக்க ஒரு ரம்ஜான் நோன்பும் அதற்கடுத்த நோன்பும் ஆனது. மை வாங்க வரும்போது சட்டைப்பையிலிருந்து சின்னத் துண்டுத் தாள் ஒன்றை எடுத்துக் காட்டுவார். அலிஃப் முதல் வரிசையாக எழுதிய வெறும் எழுத்துகள். வேதத் தாளை அவர்கள் கடைத்தெருவுக்குக் கொண்டுவருவதில்லை. அரபி எனக்குத் தெரியாது. ஆனாலும் கோடு நேராகிக்கொண்டு வருவது தெரிந்தது.

முடித்த பிறகு ஒருமுறை வந்தார். முப்பதையும் கட்டி, அவர்கள் தெருவில் பெண்பிள்ளைகள் ஓதும் மதரசாவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முன்பக்கம் பதினொன்று ஒரு கை, பின்பக்கம் பத்தொன்பது இன்னொரு கை. பிள்ளைகள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்களாம். எது யார் எழுத்து என்று அவர்களுக்குள் ஒரே சத்தமாம்.

வெளுத்துப்போன பழைய தாள்களை என்ன செய்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். அவரே சொன்னார்.

"அத குப்பைல போட முடியாது, எரிக்கவும் மனசு வரல. சுத்தமான அண்டாவுல தண்ணி ஊத்தி, ஒவ்வொரு தாளா நனைச்சு, எழுத்தக் கழுவி எடுத்தோம். அப்புறம் அந்தத் தண்ணிய எடுத்துனு போயி கடல்ல ஊத்தினேன். அவதான் அண்டாகிட்ட ஒக்காந்துக்கினு ஒவ்வொரு தாளையும் கையால தடவித் தடவிக் கழுவினா. வெளுத்த தாளுங்கள்ல ஒண்ணும் வரல. கடைசியா எழுதின கொஞ்சம் தாளுங்க, அதுங்க மாடிக்கு அவ்வளவா போகல. அதுலருந்து கலர் எறங்குச்சு. 'தண்ணி எப்டி இருக்கு மச்சான்?'னு கேட்டா. நான் இன்னா சொல்றது? பாத்தேன். கடைல அந்த பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தப்ப எப்டி இருந்துச்சோ, அப்டியே இருந்துச்சு. நல்ல நீலமா கீதுன்னேன்."

கல்லாமேல் இருந்த மைப் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கைய எடுக்கல. தண்ணிக்குள்ளயே வெச்சுக்கினு இருந்தா. 'அழகான மைதான் வாங்கியாந்தீங்க. எழுதறப்பல்லாம் அதையே நெனச்சுக்குவேன்'னா."